நாற்பது முதுகுகளின் மறுஅளவை

தங்கபுஷ்பம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "கையை எடுங்க சார்."

நான் அவளைத் தொடவில்லை. என் விரல் திரையில் இருந்த 'நேராக்கு' பட்டனுக்கு மேலே நின்றது. ஸ்கேன் முடிந்து மேசையிலிருந்து இறங்கியவள், செருப்பைக்கூட மாட்டாமல் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்து என் பின்னால் நின்றிருக்கிறாள். நோயாளிகள் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் வந்தாளாம். பிற்பாடு ஒருநாள் கேட்டதற்கு, "எழுதிப்போட்டா எல்லை ஆயிருமா? கல்லுல்லா ஊன்றியிருக்கணும்" என்றாள். அவள் தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்தாள். அவளுக்கு எல்லாமே நிலம்தான்.

அது இரண்டாயிரத்து அறுபத்தெட்டாம் வருடம். விதைச் சிறுநீரகம் எங்கள் மாவட்டத்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. இப்போது படிக்கிறவர்களுக்கு அது சாதாரணம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்த செல்களை வளர்த்து, கொத்தமல்லி விதை அளவுக்கு ஓர் உருண்டை செய்வார்கள். அதை ஊசி வழியாக உடம்புக்குள் வைப்பார்கள். ஏழு மாதத்தில் அது முழுச் சிறுநீரகமாக வளர்ந்து வேலையை ஆரம்பிக்கும். டயாலிசிஸ் கூடங்களில் பாதி சைக்கிள் நிறுத்துமிடமாக மாறிவிட்ட காலம்.

ஆனால் விதைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த உடம்பு தன் சிறுநீரகத்தை எங்கே வைத்திருக்குமோ அங்கே வைத்தால்தான் வளரும். இரண்டு விரல் தள்ளி வைத்தால் காய்ந்துவிடும். இடம் குறிப்பது இயந்திரத்தின் வேலை. அதற்குள் 'தாய்ப்படம்' என்று ஒன்று இருந்தது. எங்கேயோ ஒரு பெரிய நகரத்தில் பன்னிரண்டாயிரம் பேரை ஸ்கேன் செய்து, சேர்த்துச் செய்த சராசரி உடம்பு. நம் ஸ்கேனை அதன்மேல் வைத்துப் பார்த்து, இங்கே குத்து என்று சொல்லும். அந்தப் பன்னிரண்டாயிரம் பேருக்கும் முதுகு நேர். ஆகவே முதுகெலும்பு பத்து டிகிரிக்கு மேல் வளைந்திருந்தால் திரை சிவந்து, 'தகுதியற்ற படம். மீண்டும் எடுக்கவும்' என்று வரும். பிறவியிலேயே முதுகு கோணியவர்களை எத்தனை முறை எடுத்தாலும் அதேதான் வரும்.

நான் ஸ்கேன் வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் ஆல்பம் திருத்திக்கொண்டிருந்தவன். மாப்பிள்ளையின் தொங்கிய தோளைத் தூக்குவது, மாமியாரின் முகச்சுளிப்பை எடுப்பது, பந்தியில் வாய் திறந்தவர்களுக்கு வாய் மூடுவது எல்லாம் என் கைவேலை. இங்கே வந்து 'நேராக்கு' என்ற பட்டனைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல இருந்தது. மேசையில் சரிந்து படுத்தவர்களின் படத்தை நிமிர்த்துவதற்காக வைத்த பட்டன் அது. நான் அதைக் கொண்டு முதுகெலும்புகளையே நிமிர்த்தினேன். திரை பச்சையானது. வெளியே டோக்கனோடு நின்ற கூட்டம் நகர்ந்தது. நோயாளிக்குக் கொடுக்கும் பிரதியில் அவர்கள் வாழ்நாளில் பார்த்திராத நேரான முதுகு இருந்தது. ஓர் அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். புண்ணியம் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கபுஷ்பத்துக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. நடு முதுகில் ஓர் எலும்பு பாதிதான் உருவாகியிருந்தது. இடது தோள் நாலு விரல் உயர்ந்திருக்கும். பிறவியிலேயே ஒற்றைச் சிறுநீரகம் என்று பதிவில் இருந்தது. அந்த ஒன்றும் இருபது சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. விதை பிடித்தால் பிழைப்பாள். பிடிக்காவிட்டால் ஒரு வருடம் என்று டாக்டர் ஹமீதா சொல்லியிருந்தார்.

"இந்தப் பட்டன் என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"வளைஞ்ச வரப்பை நேரா வரைஞ்சு புலப்படம் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? அண்ணன் தம்பிக்குள்ள அரிவாள் எடுப்பாங்க. வரப்பு படத்தைப் பாத்துத் திருந்தாது சார். இதுவரைக்கும் எத்தனை பேரை இப்படி வரைஞ்சிருக்கீங்க?"

இயந்திரத்தில் கணக்கு இருந்தது. அறுபத்து மூன்று பேர்.

அவர்களெல்லாம் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. எனக்குத் தெரியவில்லை. படம் எடுப்பவன் அதோடு சரி; விதை வைப்பது வேறு கட்டடம். அவள் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, வாங்க போவோம் என்றாள். நானாகவே போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சந்தைக்கு ஓட்டிப்போகும் ஆடு மாதிரி அவளுக்கு முன்னால் நடந்துபோனேன் என்பதுதான் நடந்தது.

டாக்டர் ஹமீதா காயல்பட்டினத்துக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் மென்மையாகிவிடும். அன்றைக்கு அவர் பேசியது காதில் விழவே இல்லை. குனிந்து கேட்க வேண்டியிருந்தது. முதுகு கோணியவர்களுக்கு வைக்கும் விதைகளில் மூன்றில் இரண்டு காய்ந்துபோவது ஏன் என்று ஒன்பது வருடமாக அவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர்கள் உடம்பின் தன்மை அப்படி என்று மேலிடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. உடம்பின் தன்மை என் விரலில் இருந்தது.

தங்கபுஷ்பம் குறுக்கே புகுந்து, முதுகு வளைந்தால் சிறுநீரகம் ஏன் இடம் மாற வேண்டும், அது என்ன முதுகில் மாட்டிய பையா என்று கேட்டாள்.

டாக்டர் மேசை மேல் இருந்த இரண்டு மருந்துப் பெட்டிகளை அருகருகே வைத்தார். "கருவுல அஞ்சாவது வாரம்னு வச்சுக்கங்க. அப்பதான் முதுகெலும்பையும் சிறுநீரகத்தையும் கட்ட ஆரம்பிக்கிறாங்க. ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வேலை, ஒரே கொத்தனார் செட்டு. அந்த ஒரு வாரம் செட்டுக்குள்ள ஏதோ குழப்பம். சுவரும் சாயும், தண்ணித் தொட்டியும் இடம் மாறும். முதுகு கோணிப் பிறந்தவங்க நாலு பேரை எடுத்தா ஒருத்தருக்காவது சிறுநீரகத்துல ஏதாவது இருக்கும். ஒண்ணுதான் இருக்கும். இல்ல, ரெண்டும் ஒட்டி லாடம் மாதிரி இருக்கும். கீழ இறங்கி இருக்கும்."

"அப்போ எங்களுக்குன்னு தனியா ஒரு தாய்ப்படம் வேணும்."

"வேணும். குறைஞ்சது நாப்பது பேரோட நிஜமான படம் இருந்தா இயந்திரம் கத்துக்கிடும். ஒண்ணுகூட இல்ல. திருத்தினதுதான் இருக்கு. மூலப்படத்தை இயந்திரம் வச்சுக்கிறதில்ல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் எனக்கு ஆறு மாதத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. தங்கபுஷ்பம் அதை வாங்கிப் படித்துவிட்டு, ரொம்ப நல்லதாப் போச்சு, ஆறு மாசம் உங்களுக்கு வேற சோலி இல்ல என்றாள். மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, பழைய சர்வே ஜீப் ஒன்றை அலுவலகத்தில் கேட்டு வாங்கினாள். டாக்டர், கையில் தூக்கிப்போகும் பெட்டி ஸ்கேனர் ஒன்றைக் கொடுத்தார். அறுபத்து மூன்று முகவரிகள். மறுஅளவை என்று அவளே பெயர் வைத்தாள்.

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தானாக ஓடும் வண்டிதான். ஆனால் அதன் வரைபடத்தில் இல்லாத பாதையைக் கண்டால் நின்று, 'இங்கே சாலை இல்லை' என்று பெண் குரலில் சொல்லும். நாங்கள் போன ஊர்களில் பாதிக்கு அதன் கணக்கில் சாலை இல்லை. "நீயும் இவர் மாதிரிதானா" என்று அதைத் திட்டிவிட்டு, தங்கபுஷ்பம் ஒரு பக்க இடுப்புக்குத் தலையணை வைத்துக்கொண்டு தானே ஓட்டுவாள். கண்மாய்க் கரை, கரிசல் காடு, ஒருமுறை ஒரு கல்யாணப் பந்தலுக்குள்ளேயே. சாப்பிடாமல் விடமாட்டோம் என்று அங்கே இலை போட்டுவிட்டார்கள். அவளுக்கு உப்பு கூடாது. உப்பில்லாத சோற்றைப் பிசைந்தபடி அந்த ஊர் மனைகளின் எல்லைத் தகராறு இரண்டைத் தீர்த்துவைத்தாள்.

கயத்தாறுப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர். அவருக்கு விதை எப்படியோ பிடித்துவிட்டது. நான் யாரென்று சொன்னதும், ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். "என்னைய நேராக்கினது நீர்தானா வே? அந்தப் படத்தைப் பாத்துட்டு மூணு நாளு கண்ணாடியைச் சந்தேகப்பட்டேன்." இன்னோர் ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண் ஒருத்தி, ஸ்கேனரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது பக்கமாக எடுங்கள், இடது பக்கம் எனக்குப் படம் நன்றாக வராது என்றாள். இது உள்ளே எடுக்கிற படம் என்று நான் சொன்னேன். தங்கபுஷ்பம் என்னை அடக்கிவிட்டு, வலது பக்கமாகவே நின்று எடுக்கச் சொன்னாள்.

ஸ்கேன் எடுப்பதில் அவள் ஒரு விதி வைத்திருந்தாள். மருத்துவமனையில் நாங்கள் விலாவிலிருந்து இடுப்பெலும்பு மேல்நுனி வரைதான் எடுப்போம். அவள் கழுத்திலிருந்து தொடை வரை எடுக்கச் சொன்னாள். எதற்கு என்றேன். "எல்லைக்கு வெளிய இருபது மீட்டர் சேத்து அளக்காம நான் எந்தப் படத்துலயும் கையெழுத்துப் போட்டதில்ல" என்றாள். பெட்டி ஸ்கேனரின் மின்கலம் சீக்கிரம் தீர்ந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன்.

அறுபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள். பதினைந்து பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இறந்தவர்களின் பெயர்கள் எனக்கு இன்றும் வரிசையாகச் சொல்ல வரும். இங்கே எழுதவில்லை, வீட்டார் இருக்கிறார்கள். ஒரு வீட்டைப் பற்றி மட்டும் எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன்.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே மாடத்தியம்மாள் வீடு. எங்கள் பட்டியலில் இருந்தது அவர் மகன் இசக்கிராஜா. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சுவரில் படம் தெரிந்தது. சட்டம் போட்டு, மாலை போட்டு, பொட்டு வைத்து, என் ஸ்கேன். நேரான வெள்ளை முதுகெலும்பு. அவன் போட்டோவுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு ஆணி.

விதை காய்ந்து, இரண்டாவது விதையும் காய்ந்து, போன வருடம் போய்விட்டான் என்றார். தண்ணீர் கொடுத்தார். படத்தைக் காட்டி, "எம் மவன் பொறந்ததுலேருந்து ஊரே கோணல்னுச்சு. உள்ளுக்குள்ள எம்புட்டு நேரா இருந்திருக்கான் பாருங்கய்யா" என்றார்.

தங்கபுஷ்பம் என் பக்கம் திரும்பினாள். நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள். சொன்னேன். பட்டனைப் பற்றி, ஸ்டூடியோவைப் பற்றி, விதை இடம் மாறியதைப் பற்றி. நாலைந்து முறை நின்று நின்று சொன்னேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இது எம் மவன் இல்லையா?"

என் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார்.

எங்களைப் போகச் சொல்வார் என்று எழுந்து நின்றோம். பெட்டியில் புடவைகளுக்கு அடியிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்துவந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயதில் ஏதோ முகாமில் சாயம் ஏற்றி எடுத்த எக்ஸ்ரே. தங்கபுஷ்பம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பாம்பு ஊர்ந்த தடம் போல முதுகெலும்பு. அதன் இரண்டு பக்கமும், கீழே ஒன்றாக ஒட்டிய லாடம் போல இரண்டு சிறுநீரகமும் பளிச்சென்று தெரிந்தன.

"இதுதான் அவன்" என்றார் மாடத்தியம்மாள். "இது ஒங்களுக்கு ஆவுமா?"

ஆகும் என்றாள் தங்கபுஷ்பம். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம் என்றாள். அவர் என் படத்தை ஆணியிலிருந்து இறக்கி, மாலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். சீக்கிரம் கொண்டாங்க, ஆணி சும்மா இருக்கக்கூடாது என்றார்.

திரும்பி வரும் வழியில் ஒரு மணி நேரம் ஓடியிருப்போம். ஜீப் ஒரு இடத்தில், இங்கே சாலை இல்லை என்றது. தங்கபுஷ்பம் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் நான் அழுதேன். அவள் வண்டியை ஓரங்கட்டி, உப்பில்லாத கடலை ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். மோசமான கடலை. அங்கே வைத்துத்தான் என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா என்று கேட்டேன். எந்தத் தைரியத்தில் கேட்டேனோ தெரியவில்லை. தனக்கு எவ்வளவு நாள் என்று தெரியாமல் யாருக்கும் பட்டா எழுதிக்கொடுக்க முடியாது என்றாள். பிறகு, கல்யாண ஆல்பத்தில் தன் தோளைத் தூக்க மாட்டேன் என்று முதலில் எழுதிக்கொடுங்கள், மற்றதை யோசிப்போம் என்றாள். கடலைப் பொட்டலத்தின் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சாட்சிக்கு ஆள் இல்லை என்று குறை சொன்னாள்.

அவளுக்கு நாள் எவ்வளவு என்பதை நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குத்தான் இரத்தப் பரிசோதனை. கிளம்பும்போது இருபது சதவீதம். கயத்தாற்றில் பதினேழு. விளாத்திகுளத்தில் பதினாலு. கடைசி வாரம் பதினொன்று. கணுக்கால் வீங்கி, ஆண்கள் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டாள். போதும், இருக்கிறதை வைத்து உனக்கு முதலில் பார்ப்போம் என்று நானும் டாக்டரும் மாறி மாறிச் சொன்னோம். முப்பத்தாறு கல் ஊன்றிவிட்டு எல்லை முடிந்தது என்று எந்தச் சர்வேயரும் எழுத மாட்டார் என்றாள். அவளையும் சேர்த்துக் கணக்கிடலாமே என்றதற்கு, தன் சொந்த நிலத்தைத் தானே அளக்கக்கூடாது என்பது அவர்கள் இலாகா விதியாம். கடைசியில் முப்பத்தொன்பது ஸ்கேன், ஒரு எக்ஸ்ரே. நாற்பது.

இயந்திரம் அவற்றை இரண்டு நாள் மென்றது. மூன்றாம் நாள் காலை டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். தங்கபுஷ்பத்தின் முதுகெலும்புக் கோணங்களை மட்டும் அதற்குக் கொடுத்தார். இந்த முதுகு உள்ள உடம்பு, இல்லாத வலது சிறுநீரகத்தை எங்கே வைத்திருக்கும் என்பது கேள்வி. திரை சிவக்கவில்லை. நாங்கள் மூவரும் அதற்கே சந்தோஷப்பட்டோம். இடுப்புக்குழியில், வால் எலும்புக்கு மேலே, நடுவிலிருந்து மூன்று விரல் வலப்பக்கம் ஒரு புள்ளியைக் காட்டியது.

குத்துவதற்கு முன் அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பணிநீக்கத்தில் இருந்தவன். டாக்டர் அதை மறந்துவிட்டதாகச் சொல்லி, என்னையே எடுக்கச் சொன்னார். அவளை அந்த நாள் வரை முழு நீளத்துக்கு யாரும் எடுத்ததில்லை. முதல் நாள் நான் எடுத்ததும் இடுப்பெலும்பு மேல்நுனியோடு நின்றுபோனதுதான். இப்போது கழுத்திலிருந்து தொடை வரை எடுத்தேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் குரல் மென்மையாகிவிட்டது.

"இடம் சரிதான்" என்றார். "துல்லியமா சரி. ஆனா அங்க ஏற்கெனவே ஆள் இருக்கு."

தங்கபுஷ்பம் மேசையில் படுத்தபடியே கேட்டாள். "ஆக்கிரமிப்பா டாக்டர்?"

"இல்லம்மா. பட்டாதாரரே."

எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சிறுநீரகம். அவள் பிறந்தபோது எழுதிய காகிதத்தில், வலது சிறுநீரகம் 'காணப்படவில்லை' என்று இருந்திருக்கிறது. அடுத்தவர் அதைப் பார்த்து 'இல்லை' என்று எழுதினார். அதற்கப்புறம் எல்லோரும் விலாவுக்குக் கீழே தேடினார்கள், இல்லை என்றார்கள், ஸ்கேனை இடுப்போடு நிறுத்தினார்கள். அது முப்பத்து நாலு வருடமாகக் கீழே உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து வரும் குழாய் ஓரிடத்தில் மடிந்து அடைத்துக்கொண்டதால் வேலை இல்லாமல் உறங்கிப்போயிருந்தது.

எங்கள் நாற்பது பேரின் படத்திலிருந்து இயந்திரம் போட்ட கணக்கு சரியா என்று யாரிடம் கேட்பது என்று டாக்டர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாராம். அவள் உடம்பே சாட்சி சொல்லிவிட்டது.

மடிந்த குழாயை நிமிர்த்தி ஒரு நூல் குழாய் வைத்தார்கள். விதையை வெற்று இடத்தில் வைக்காமல் அந்தச் சிறுநீரகத்தின் மேலேயே வைத்தார்கள். அவளுக்கு அதில் ஒரே ஒரு ஆட்சேபம். தன்னில் ஒன்றை நேராக்கத் தான் உடன்பட்டதாக வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள்.

ஏழு மாதம். கிடங்கில் கிடந்த டயாலிசிஸ் இயந்திரம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அவளை ஓட்டினார்கள். பதினொன்று, ஒன்பது, ஒன்பது, எட்டு. ஐந்தாம் மாதம் பதினாலு. செவிலியர்கள் எல்லோரும் அளவுக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல அவளை விசாரித்தார்கள். ஆறாம் மாதம் முப்பத்தெட்டு. ஏழாம் மாதம் அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்று வந்த மாலை அவள் உப்புப் போட்ட கடலை ஒன்றை, ஒரே ஒன்றை, வாயில் போட்டு அரை மணி நேரம் வைத்திருந்தாள்.

நாற்பது பேரில் விதை தேவைப்பட்டவர்கள் இருபத்தாறு பேர். இருபத்து மூன்று பேருக்குப் பிடித்தது. டீக்கடைக்காரர் எங்கள் கல்யாண முகூர்த்தத்தில் எல்லோருக்கும் டீ போட்டார். மாடத்தியம்மாள் வந்திருந்தார். ஆல்பத்தில் யார் தோளும் தூக்கப்படவில்லை. வாய் திறந்தவர்கள் திறந்தபடியே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் மட்டுமா, எல்லா ஊரிலும் என்னைப் போல ஒருவன் அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு வருடத்தில் எல்லா மாவட்டத்திலும் மறுஅளவை நடந்தது. எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பட்டனை எடுத்துவிட்டார்கள்.

பத்தொன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். போன ஐப்பசியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைக் கோணலாகப் பதித்திருப்பதைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுவிட்டது. இதயம். அந்த வாரம் எடுத்த பரிசோதனையில் இடுப்புக்குழிச் சிறுநீரகம் நன்றாகவே இருந்தது.

காரியம் முடிந்து பதினாறு நாள் கழித்து அவளுடைய நலப்பதிவை முடித்துவைக்கக் கூப்பிட்டார்கள். படித்துப் பார்த்தேன். சிகிச்சை எல்லாம் ஏறியிருந்தது. முதல் பக்கத்தில் மட்டும், பிறப்பு விவரத்தில், 'சிறுநீரகம்: ஒன்று' என்று பழையபடியே இருந்தது. இதைத் திருத்த வேண்டும் என்றேன். அதிகாரி நல்ல மனிதர். பிறப்பு விவரத்தைத் திருத்தச் சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து மனுக் கொடுக்க வேண்டும் என்றார். சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. இனிமேல் இதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது சார் என்று தணிந்து கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்று வாரத்தில், என் தொந்தரவு தாங்காமலோ என்னவோ, டாக்டர் ஹமீதாவின் கையெழுத்தை வைத்து மாற்றிக்கொடுத்தார். டாக்டர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கையெழுத்துப் போடக் காயல்பட்டினத்திலிருந்து வந்தார்.

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. 'சிறுநீரகம்: இரண்டு. வலது: இடுப்புக்குழியில், சற்றுச் சாய்ந்து' என்று அச்சாகியிருக்கிறது. நானே எழுதிக்கொடுத்த வாசகம். வீட்டுக்கு வந்து அவள் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தபோதுதான் தோன்றியது, அவள் இருந்திருந்தால் இதில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள். சற்று என்றால் எத்தனை டிகிரி என்று கேட்டிருப்பாள்.